கதவைப் பூட்டாதது அந்த அக்கா அல்ல

கடந்த செமஸ்டர் விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். பெஸ்தாரி ஜெயா பக்கத்துச் செம்பனைத் தோட்டம் எங்களுடையது. பெரியவர்கள் இன்னமும் ஊரைப் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். உதவிநிதி விண்ணப்பங்கள் பெரும்பாலும் இணையத்துக்கு மாறிவிட்டதால், படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலை தோட்டத்தில் பல்கலைக்கழகம் போகும் நான்கைந்து பேர் தலையில் விழுந்துவிடுகிறது. குறை சொல்லவில்லை. தேநீரும் வடையும் உண்டு.

முதலில் ஓர் அக்கா, படிவம் ஐந்தில் படிக்கும் மகளோடு வந்தார். கல்வி உதவி வழங்கும் ஓர் அமைப்பின் இணையத்தளம். கணவரின் ஐ.சி. எண், சம்பளச் சீட்டு, அவருக்கு வாரம் மூன்று முறை நடக்கும் டயாலிசிஸ் சிகிச்சைக்கான மருத்துவக் கடிதம், வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினோம். 'லோக் கெலுவார்' பொத்தானை அழுத்தினேன். தொடக்கப் பக்கம் வந்தது. "மூடிட்டேன்கா" என்றேன்.

அடுத்து ஒரு பாட்டி, பேரனோடு. அதே தளத்தின் முகவரியைத் தட்டத் தொடங்கியதும் உலாவி மீதியைத் தானே நிரப்பியது. கவனிக்காமல் எண்டர் தட்டிவிட்டேன். திரையில் வந்தது தொடக்கப் பக்கமல்ல, அந்த அக்கா வீட்டு விண்ணப்பம். பாட்டிக்கு மலாய் படிக்கத் தெரியாது, பேரனுக்குத் தெரியும். அவன் சத்தமாக வாசிக்கத் தொடங்கிவிட்டான். சம்பளம் இவ்வளவு, நோய் இன்னது.

அக்கா அப்போது மண்டபத்திலேயேதான் இருந்தார். வந்து எட்டிப் பார்த்தவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, மூடிட்டேன்னு சொன்னியே? நான் ஏதும் தப்பா அழுத்திட்டேனா?" என்று கேட்டார். அவர் விசைப்பலகையைத் தொடவே இல்லை.

உலாவி பழைய பக்கத்தைத் தன் நினைவிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியும் நடப்பது உண்டு. ரிஃப்ரெஷ் செய்து பார்த்தேன். பக்கம் சர்வரிலிருந்து புதிதாகவே வந்தது. அதாவது நான் 'வெளியேறு' என்று அழுத்தியபோது அந்தத் தளம் என்னைத் தொடக்கப் பக்கத்துக்கு அனுப்பியதோடு சரி. சர்வரைப் பொறுத்தவரை அக்கா இன்னும் உள்ளேயேதான் இருந்தார்.

கணினித் துறை மாணவர்களுக்கு இது பழைய பாடம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன்.

இணையம் பெரிய மறதிக்காரன். நாம் ஒரு பக்கத்தைக் கேட்கிறோம், சர்வர் தருகிறது, உடனே நம்மை மறந்துவிடுகிறது. அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது நாம் அதற்கு முன்பின் தெரியாத ஆள். 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி என்ற பொறியாளர் இதற்கு ஒரு வழி செய்தார். அதுதான் குக்கி. கடவுச்சொல் சரியென்றால் சர்வர் ஒரு நீண்ட எண்ணைச் சீட்டு மாதிரி நம் உலாவியிடம் கொடுக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் உலாவி அந்தச் சீட்டைக் காட்டும். சீட்டு செல்லுபடியாகும் காலத்தை செஷன் என்கிறோம், தமிழில் அமர்வு. சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் நாம். 2010-இல் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்ற உலாவி இணைப்பை வெளியிட்டார். பொது வைஃபையில் பக்கத்து மேசைக்காரரின் சீட்டைப் பிடித்து, அவர் முகநூலுக்குள் கடவுச்சொல் இல்லாமலேயே நுழைய முடியும் என்று அது காட்டியது. பெரிய தளங்கள் முழுக்க மறையாக்கத்துக்கு மாறியதில் அந்த அதிர்ச்சிக்கும் பங்கு உண்டு.

வெளியேறும்போது சர்வர் தன் பதிவேட்டிலும் அந்தச் சீட்டை ரத்து செய்ய வேண்டும். எங்கள் மண்டபத்தில் நடக்காதது இதுதான்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. என் தாத்தா ரப்பர் காலத்து ஆள். விடியற்காலைப் பெரட்டில் கிராணி பெயர் வாசிப்பார், வந்தவர்களைக் குறித்துக்கொள்வார். அது ஒரு சரிபார்ப்பு. சம்பள நாளில் மறுபடியும் பெயர் கூப்பிடுவார்கள். உன் பெயருக்குரிய பணத்தை நீதான் கைநாட்டு வைத்து வாங்க வேண்டும். இது இரண்டாவது சரிபார்ப்பு. "நீ இந்தத் தோட்டத்து ஆள்தானே, மேசையில் இருக்கும் உறைகளில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்" என்று எந்தக் கிராணியும் சொன்னதில்லை. ஆனால் எத்தனையோ இணையத்தளங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நுழைவாயிலில் கடவுச்சொல் கேட்கிறார்கள். உள்ளே போனதும், 'விண்ணப்பம் எண் 1041' என்று நாம் கேட்டால், 1041 யாருடையது என்று பார்க்காமலேயே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். நம்முடையது 1040 ஆக இருக்கும்.

இதை ஏதோ எங்கள் தோட்டத்துக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். இணையப் பாதுகாப்பில் உலகம் பார்த்து நடக்கும் ஓவாஸ்ப் அமைப்பின் பத்து ஆபத்துகள் பட்டியலில், இந்த அனுமதிக் கட்டுப்பாட்டுக் கோளாறு 2017-இல் ஐந்தாம் இடத்தில் இருந்தது. 2021-இல் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. 2011-இல் அமெரிக்காவின் சிட்டி வங்கியில் 3 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடனட்டைக் கணக்குகளின் விவரங்கள் போனது இப்படித்தான். உள்ளே நுழைந்தவர்கள் முகவரியில் இருந்த எண்ணை மாற்றிக்கொண்டே போனார்கள். வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

நமக்கு நெருக்கமான ஒரு கதை சென்னையில் நடந்தது. 2021 ஆகஸ்டில் தாம்பரத்தைச் சேர்ந்த 17 வயது பிளஸ் டூ மாணவர் ஒருவர் இந்திய ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் டிக்கெட் எடுக்கப் போனார். தன் பரிவர்த்தனை எண்ணை மாற்றினால் மற்றப் பயணிகளின் விவரங்கள் வருவதைப் பார்த்தார். பெயர், வயது, ரயில் எண் மட்டுமல்ல; வேறொருவரின் டிக்கெட்டை ரத்து செய்யலாம், அவர் ஏறும் நிலையத்தை மாற்றலாம், அவர் பெயரில் உணவுகூட வரவழைக்கலாம் என்ற நிலை. அந்த மாணவர் ஆகஸ்ட் 30 அன்று இந்தியாவின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன்னுக்கு எழுதினார். சில நாட்களில் ஓட்டை அடைக்கப்பட்டது.

அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 2015-இல், தமிழ்நாட்டின் லக்ஷ்மண் முத்தையா என்ற பாதுகாப்பு ஆய்வாளர் முகநூலிலேயே இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார். தன் கைப்பேசிச் செயலியின் சீட்டைக் காட்டி, மற்றவருடைய படத் தொகுப்பை அழிக்கும்படி கேட்டால், முகநூல் சர்வர் அதைச் செய்துவிடும். சீட்டு உண்மையானதா என்று பார்த்தார்கள், சீட்டுக்காரருக்கு அந்தப் படங்கள் சொந்தமா என்று பார்க்கவில்லை. அவர் தெரிவித்ததும் முகநூல் சரிசெய்து, 12,500 அமெரிக்க டாலர் பரிசும் கொடுத்தது. முகநூலுக்கே இந்தக் கதி என்றால், மூன்று பேர் உட்கார்ந்து எழுதிய ஓர் உதவிநிதித் தளம் எம்மாத்திரம்?

நம் நாட்டுக்கு வருவோம். 2018 ஜூன் மாதம், பெற்றோர்கள் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்களைப் பார்க்கும் கல்வி அமைச்சின் சாப்ஸ் தளத்தில் பாதுகாப்புக் குறை இருப்பது செய்தியானது. அமைச்சு தளத்தைத் தற்காலிகமாக மூடியது. இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களில் பலருடைய தமிழ்ப்பள்ளி மதிப்பெண்ணும் அதில் இருந்திருக்கும். என்னுடையது இருந்தது.

2024 ஜனவரி 2 அன்று பாடு என்ற முதன்மைத் தரவுத்தளம் தொடங்கப்பட்டது. மலாய்ச் சுருக்கப் பெயர்தான், ஆனால் தமிழில் வாசித்தால் 'பாடு' என்று வருவதை அன்று எங்கள் புலனக் குழுவில் எல்லாரும் சொல்லிச் சிரித்தோம். தொடங்கிய வேகத்திலேயே இரண்டு குறைகள் வெளியே வந்தன. ஒன்று, அடையாள அட்டை எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் மற்றவர் பெயரில் கணக்குப் பதிவைத் தொடங்கிவிடலாம் என்று முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் சுட்டிக்காட்டினார். இரண்டு, பதிவு செய்துவிட்ட ஒருவரின் கடவுச்சொல்லையே அவருடைய ஐ.சி. எண்ணை வைத்து மாற்றிவிட முடியும் என்று எக்ஸ் தளத்தில் பயனர்கள் தெரிவித்தனர். குறை சரிசெய்யப்பட்டுவிட்டது என்று அப்போதைய பொருளாதார அமைச்சர் ரஃபிஸி ரம்லி அறிவித்தார். மின்னியல் அடையாளச் சரிபார்ப்பு இல்லாமல் பதிவு முழுமையடையாது என்பதும் சொல்லப்பட்டது. விரைவாகச் சரிசெய்தார்கள், அது நல்லதுதான். நாடு முழுவதும் பயன்படுத்தும் ஒன்றை வெளியிடும் முன்பே ஏன் பார்க்கவில்லை என்ற கேள்வி மட்டும் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஐ.சி. எண்ணை ரகசியம் மாதிரி நடத்துவதில்தான் பாதிக் கோளாறு தொடங்குகிறது. அதன் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், சிலாங்கூர் என்றால் பெரும்பாலும் 10. கடைசி இலக்கம் ஒற்றை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். உங்கள் பிறந்தநாள் வாழ்த்தைப் புலனத்தில் பார்த்த ஒருவருக்கு மிச்சம் தெரியாதது கடைசி நான்கு இலக்கம்தான், அதிலும் பாதி கழிந்துவிட்டது. 5,000 வாய்ப்புகள். கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை. தோட்டத்திலோ ஊகிக்கவும் தேவையில்லை. தவணைக்குப் பொருள் எடுத்த கடையில் ஒரு நகல், கட்சிக் கிளையில் ஒரு நகல், கோயில் நிர்வாகத்தில் ஒரு நகல் என்று நம்மவர்களின் ஐ.சி. ஊரெல்லாம் கிடக்கிறது. அஞ்சல் குறியீடா? லயத்திலிருந்து புதுக் குடியிருப்பு வரை எங்கள் எல்லாருக்கும் ஒன்றேதான்.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். பள்ளியிலும் பொது மண்டபத்திலும் நடக்கும் இணையப் பாதுகாப்பு விளக்கக் கூட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரே உபதேசம்தான். கடவுச்சொல்லை வலுவாக வையுங்கள், ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள், தெரியாத இணைப்பை அழுத்தாதீர்கள். மோசடிக்காரர்களிடமிருந்து தப்பிக்க இவை தேவை, நானும் என் அம்மாவிடம் இதையே சொல்கிறேன். ஆனால் நான் மேலே சொன்ன ஒரு சம்பவத்தையாவது பயனரின் கவனம் தடுத்திருக்குமா? அந்த ரயில் பயணிகள் 20 எழுத்துக் கடவுச்சொல் வைத்திருந்தாலும் அவர்களின் டிக்கெட்டை ரத்து செய்திருக்கலாம். ஓட்டை சர்வரில் இருக்கும்போது எச்சரிக்கையைப் பயனருக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது பொறுப்பைத் தள்ளிவிடுவதாகும். அதன் விளைவுதான், விசைப்பலகையைத் தொடாத ஓர் அக்கா "நான் தப்பா அழுத்திட்டேனா" என்று கேட்டது. எனக்கு அந்த விண்ணப்பம் திரையில் வந்ததைவிட இந்தக் கேள்விதான் உறுத்தியது.

சட்டமும் அவர் பக்கம் முழுமையாக நிற்கவில்லை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. தனியார் துறைக்கு 2024 திருத்தத்தால் கடுமை கூடியிருக்கிறது. உச்ச அபராதம் 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சம் வெள்ளியானது, 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை ஆணையருக்குத் தெரிவிப்பதும் கட்டாயம். ஒரு வங்கி இன்று செய்ய வேண்டியதை, எங்களுக்குப் பிறப்புப் பத்திரம் முதல் உதவித்தொகை வரை தரும் அரசாங்கமும் செய்ய வேண்டும் என்று கேட்பது அதிகமா?

மண்டபத்தில் அன்று இன்னொன்றும் நடந்தது. அக்காவின் விண்ணப்ப முகவரியின் கடைசியில் ஓர் எண் இருந்தது. அதில் ஒன்றைக் கூட்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. ஒரு விநாடி வேலை. அடுத்த குடும்பத்தின் விண்ணப்பம் வருகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். நான் செய்யவில்லை. நல்ல பிள்ளை என்பதால் அல்ல, பயத்தால்தான். 1997-ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, அனுமதியில்லாத நுழைவுக்கு 50,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை அல்லது இரண்டுமே என்கிறது. "நல்ல எண்ணத்தில்தான் பார்த்தேன்" என்று நீதிமன்றத்தில் சொல்லிக்கொண்டு நிற்க என் அப்பாவிடம் வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லை.

இந்தப் பயம் கற்பனையல்ல. 2018-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் 19 வயது இளைஞர் ஒருவர், பொதுமக்களுக்கான அரசாங்கத் தகவல் தளத்தில் முகவரி எண்ணை மாற்றி மாற்றிச் சுமார் 7,000 ஆவணங்களைத் தரவிறக்கம் செய்தார். எல்லாமே பொது ஆவணங்கள் என்றுதான் நினைத்தார். தனிப்பட்ட விவரங்கள் கொண்டவையும் அதே இடத்தில் பூட்டில்லாமல் வைக்கப்பட்டிருந்தன. ஏப்ரலில் போலீஸ் அவர் வீட்டைச் சோதனையிட்டு அவரைக் கைது செய்தது. மே மாதம், குற்றம் சாட்டப்போவதில்லை என்று அறிவித்தது. ஆவணங்களைப் பூட்டாமல் வைத்தவர்களின் வீட்டுக்குப் போலீஸ் போகவில்லை.

தாம்பரத்து மாணவருக்குக் கிடைத்தது பாராட்டு, இவருக்குக் கிடைத்தது சோதனை. இரண்டுக்கும் நடுவில் நம் மாணவர்களை நிறுத்தி வைப்பது சரியல்ல. சைபர்999 என்ற புகார் வழி நமக்கு இருக்கிறது, பயன்படுத்துங்கள். ஆனால் குறையைக் கண்டு, யாருக்கும் தீங்கு செய்யாமல் முறையாகத் தெரிவிப்பவர் மீது நடவடிக்கை இல்லை என்ற வெளிப்படையான உறுதிமொழி ஒவ்வோர் அரசாங்க, பல்கலைக்கழகத் தளத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும், எந்த முகவரிக்கு எழுதுவது என்பதும். சிங்கப்பூர் அரசாங்கம் 2019-லிருந்தே குறைகளைத் தெரிவிக்கப் பொதுமக்களுக்கு ஒரு வழி திறந்து வைத்திருக்கிறது. நமக்கு ஜொகூர் பாலத்துக்கு அப்பால் இருக்கும் நாடுதான்.

இனி என் வகுப்புத் தோழர்களுக்கு. நாளை இந்தத் தளங்களை எழுதப்போவது நாம்தான். போன செமஸ்டர் எங்கள் குழு செய்த நூலகத் திட்டத்தை, மண்டபச் சம்பவத்துக்குப் பிறகு திறந்து பார்த்தேன். இரண்டு கணக்குகளை நானே உருவாக்கினேன். ஒன்றில் நுழைந்து மற்றதன் இரவல் பட்டியலைக் கேட்டேன். வந்தது. வெட்கமாக இருந்தது. நுழைவுப் பக்கத்தை மட்டும் அழகாகச் செய்து ஏ வாங்கியிருந்தோம். நாங்கள் பயன்படுத்திய மென்பொருள் சட்டகம் கடவுச்சொல், செஷன் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டது. 'இந்தப் பதிவு இவருக்குச் சொந்தமா' என்ற கேள்வியை அது கேட்காது, அதை நாம்தான் எழுத வேண்டும். எங்கள் நிரலில் எண்ணைத் தேடும் வரி இருந்தது, உரிமையாளரை ஒப்பிடும் நிபந்தனை இல்லை. நிர்வாகி பொத்தானை மாணவர் திரையில் மறைத்து வைத்திருந்தோம், அதையே பாதுகாப்பு என்று அறிக்கையிலும் எழுதியிருந்தோம். மறைத்த பொத்தானுக்குப் பின்னால் இருந்த முகவரி யார் தட்டினாலும் திறந்தது. விரிவுரையாளரும் இதைக் கேட்கவில்லை. மதிப்பெண் அட்டவணையில் அதற்கு ஓர் இடம் இருந்தால் கேட்டிருப்பார். இரண்டு கணக்குச் சோதனையை இறுதியாண்டுத் திட்டங்களுக்குக் கட்டாயமாக்கினால் செலவு ஒன்றுமில்லை, அரை மணி நேரம்தான்.

செஷன் நேரத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட்டால் போதுமே என்றார் ஒரு நண்பர். அவர் பெட்டாலிங் ஜெயாக்காரர். எங்கள் பக்கம் மழை பெய்தால் இணைப்பு போய்விடும், ஒரு சம்பளச் சீட்டை ஏற்றவே பத்து நிமிடம் ஆகும். பாதிப் படிவத்தில் 'நேரம் முடிந்தது' என்று வெளியே தள்ளினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிரப்பிய வரை சேமித்து வையுங்கள், நேரமும் கொடுங்கள். ஆனால் வெளியேறு என்றால் உண்மையாகவே வெளியேற்றுங்கள். ஒரே கணினியில் பத்துக் குடும்பம் விண்ணப்பிக்கும் இடங்கள் இந்த நாட்டில் உண்டு என்பதைத் தளம் எழுதுபவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நடந்ததை அந்த அமைப்புக்கு மின்னஞ்சலில் எழுதினேன். தேதி, நேரம், எந்தப் பொத்தானை அழுத்தினேன், என்ன வந்தது என்று எல்லாம் எழுதி, எண்ணை மாற்றிப் பார்க்கவில்லை என்பதையும் குறிப்பிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பயன்படுத்திய பிறகு உலாவியின் வரலாற்றை அழித்துவிடுமாறு விண்ணப்பதாரர்களுக்கு அறிவுறுத்த வேண்டுமாம். இரண்டாவது கடிதம் எழுதியிருக்கிறேன், இம்முறை சைபர்999-க்கும் சேர்த்து.

அக்காவின் மகனுக்கும் இவ்வாண்டு ஓர் உதவிநிதி விண்ணப்பம் இருந்தது. நான் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதற்குள் தாள் படிவத்தை வாங்கி எழுதி, கோல சிலாங்கூருக்குப் பஸ் ஏறிப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்திருந்தார். ரசீதை எடுத்துக் காட்டினார்.